ஆலிவ் காட்டுப் பயிற்சி

அந்தப் பையைச் சித்த அக்கட்டால தள்ளி வெச்சுக்குங்க அம்மணி, காலை நீட்டிக்கறேன். ஆங், அது போதும். பையில என்னமோ திறன் மேம்பாட்டுப் பயிற்சின்னு போட்டிருக்குதே, நீங்களும் நம்ம தொழிலா? பயிற்சி எடுத்துக்கிட்டு வாறீங்களா, குடுத்துப்போட்டு வாறீங்களா? எடுத்துக்கிட்டா. அதான் மொகம் இப்படி வாடிக் கெடக்குது. எடுத்துக்கறவங்களுக்குத் தூக்கம் வரும், குடுக்கறவங்களுக்குத் தொண்டை வத்தும். நான் குடுக்கறவ.

பேரு தெய்வாத்தாளுங்க. கவுந்தப்பாடிப் பக்கம். எங்க மகளிர் குழுக் கூட்டமைப்புக்கு நான்தான் தலைவி. நான் பயிற்சி குடுக்காத ஊரு ஈரோடு ஜில்லாவுல இல்லீங்க. ஈரோடு என்ன ஈரோடு, பாலஸ்தீனம் வரைக்கும் போய்க் குடுத்துப்போட்டு வந்துட்டேன். சிரிக்காதீங்க. நெசமாத்தான். டிவியில சண்டை சண்டைன்னு காட்டறாங்களே, அதே ஊருதான். மேற்குக் கரைன்னு ஒரு பக்கம் இருக்குது, அங்க. போய் ஒரு பயிற்சியை ஒழுங்கா முடிக்க விடாம பண்ணிப்போட்டாங்க அம்மணி. அந்த ஆத்தாமை இன்னும் எனக்கு ஆறல. சேலம் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சுடறேன், கேளுங்க.

வெள்ளைக்காரங்க கூட்டம் ஒண்ணு எங்க குழுவைப் பார்க்க வந்துச்சு. ஏதோ வடக்கத்தி ஐரோப்பா நாடு, வருசத்துல பாதி நாள் பனி பேயுமாம். அவங்க பாலஸ்தீனத்துல பொம்பளைகளை முன்னேத்தறதுக்குத் திட்டம் நடத்தறாங்க. அதுக்கு மேனேசரு ஹென்ரிக்னு ஒருத்தர், பனைமரத்துக்குப் பேண்ட்டு மாட்டுன மாதிரி இருப்பாரு, எந்நேரமும் கவலை. நான் என்ற சார்ட்டை விரிச்சு "வெற்றிக்கு ஏழு படி"ன்னு பாடம் எடுத்ததைப் பார்த்துப்போட்டு, மேடம், இதை எங்க திட்டத்துப் பொம்பளைகளுக்கும் நீங்க வந்து சொல்லோணும்னு கையைப் புடிச்சுக்கிட்டாரு.

என்ற பையன் தரணி, "அம்மா, அங்க குண்டு போடறாங்க, நீ பவானி சந்தைக்குப் போனாலே மயக்கம் போட்டு உழுவ"ன்னு குதிச்சான். நான் சொன்னேன், குண்டு போடற ஊருக்குத்தான்டா ஒற்றுமை வேணும், போடாத ஊருக்கு எதுக்குன்னு. சார்ட்டைச் சுருட்டிக் குழாய்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டேன். சார்ட்டுன்னா காயிதம் இல்லீங்க. பவானி ஜமக்காளக்காரங்ககிட்டச் சொல்லி, கெட்டித் துணியில, எட்டு முழத்துக்கு, ஏழு படியும் படத்தோட எழுதி வாங்கினது. மேல "ஒற்றுமையே உயர்வு"ன்னு செவப்புல இருக்கும்.

ஜோர்டான்ல எறங்கி ஒரு பாலத்தைத் தாண்டித்தான் உள்ள போகோணும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இஸ்ரேல் ராணுவம். ஒரு புள்ளை, நம்ம காலேஜ் புள்ளை வயசுதான் இருக்கும், துப்பாக்கியை மாட்டிக்கிட்டு நிக்குது. குழாயைக் காட்டி இது என்னன்னு கேட்டுச்சு. யூனிட்டின்னேன். யூனிட்டின்னா எந்த அமைப்புன்னுச்சு. எங்க அமைப்புத்தான், லட்சம் பொம்பளைக இருக்கறோம்னேன். ஆயுதம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களான்னுச்சு. நம்ம பயிற்சில மொதல்ல சொல்றதே அதுதானே, டக்குனு வாய்ல வந்துருச்சு, "ஒற்றுமைதான் எங்க ஆயுதம்"னு இங்கிலீசுல சொல்லிப்போட்டேன்.

அப்பறம் பாருங்க, எனக்கு நடந்த மரியாதையை. கூட வந்தவங்க அல்லாரையும் வரிசைல நிக்க உட்டுப்போட்டு, என்னை மட்டும் தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நாற்காலி போட்டாங்க. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பெரிய பெரிய ஆபீசருகளா வந்து எங்க குழுவைப் பத்தி விசாரிச்சாங்க. தலைவி யாரு, எங்கெங்க கூடுவீங்க, யாரு உதவி பண்றதுன்னு. நம்ம கலெக்டரு கூட இத்தனை அக்கறையாக் கேட்டதில்லைங்க. பொழுது சாய்ஞ்சுதான் அனுப்ப மனசு வந்துச்சு அவங்களுக்கு. ஹென்ரிக் வெளிய தலைல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பாவம், பசி போல.

ஊரு பேரு கஃபர் லோஸ். லோஸ்னா பாதாங்கொட்டையாம். ஆனா ஊரைச் சுத்தி ஆலிவ் மரந்தான். கல்லும் கரடுமா இருக்கற மலைச்சரிவுல, அணை கட்டுன மாதிரி கல்லடுக்கி அடுக்கி மரம் வெச்சிருக்காங்க. ஊருக்கு நடுவுல மகளிர் கூட்டுறவுக் கட்டடம். அதைப் பார்த்து நானே அசந்துட்டேன். கட்டடம் கட்டிக் குடுத்தது ஒரு நாடு, அதுக்கு ஒரு போர்டு. சுண்ணாம்பு அடிச்சது இன்னொரு நாடு, அதுக்கு ஒரு போர்டு. கக்கூசுக் கதவுல மட்டும் ரெண்டு நாட்டுக் கொடி, தொட்டி ஒருத்தரு, குழாய் ஒருத்தராம். ஒரு காலத்துல ஊடு ஊட்டுக்குத் தேனீப் பொட்டி குடுத்திருக்காங்க. இப்ப அதுல கோழி அடையுது. அந்தக் கோழி உக்காந்திருக்கற பொட்டிலயும் ஒரு கொடி.

கூட்டுறவுக்குத் தலைவி உம் கஸ்ஸான். அங்க பொம்பளைக பேரெல்லாம் உம்முன்னுதான் ஆரம்பிக்குது. என்னடா இது, மொறைச்சுக்கிட்டே பேரு சொல்றாங்கன்னு பார்த்தா, உம்முன்னா அம்மாவாம். கஸ்ஸானோட அம்மா. நம்ம அம்மாதான், மொத எழுத்தை முழுங்கிட்டாங்க. என்னையும் உம் தரணின்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. தரணின்னா உலகம்னு நான் வெளக்கினதுல இருந்து ஒரே கும்மாளம். உலகத்துக்கே அம்மான்னு நெனச்சிருப்பாங்க போல.

உம் கஸ்ஸானுக்கு என்ற வயசுதான் இருக்கும். நல்ல ஆட்டுக்கல்லு மாதிரி ஒடம்பு, கண்ணு மட்டும் பருந்து. ஆபீஸ் சொவரு பூராச் சர்டிபிகேட்டு. தலைமைப் பண்பு நாலு தடவை முடிச்சிருக்காங்க. தொழில் திட்டம் தீட்டுதல், நேர மேலாண்மை, பிணக்குத் தீர்த்தல், எல்லாத்துலயும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்குது. "இத்தனை படிச்சிருக்கீங்களே, என்ன பிரயோசனம்?"னு கேட்டேன். அவங்க ஏதோ சொன்னாங்க. மொழிபெயர்க்கற புள்ளை நிஸ்ரீன், "சொவத்துல ஈரம் இருந்துச்சு, இப்பத் தெரியறதில்லைன்னு சொல்றாங்க"ன்னா. படிச்சவங்க பேச்சே தனிதானுங்க, உள்ளர்த்தம் இருக்கும்.

இந்த நிஸ்ரீனைப் பத்திச் சொல்லோணும். தங்கமான புள்ளை. அந்த ஊருப் புள்ளைதான், பட்டணத்துல படிச்சிருக்குது. நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல சொல்லுவேன், அது அரபில சொல்லும். அரபி ரொம்ப சிக்கனமான பாசைங்க. நான் பத்து நிமிசம் பேசுனா அந்தப் புள்ளை ரெண்டே வார்த்தைல முடிச்சுடும். ஆனா நான் "சரி"ன்னு மட்டும் சொன்னா அதுக்குக் கால் மணி நேரம் அரபி வேணும். அந்தச் "சரி"ங்கறதுக்கு அவங்க பாசைல நேரான வார்த்தை இல்ல போல.

மொத நாள் மொதப் படி எடுத்தேன். ஒத்தைக் குச்சியை ஒடிச்சுப் போடலாம், ஒரு கட்டுக் குச்சியை ஒடிக்க முடியாது, அதனால ஒண்ணாக் கூடுன்னு. நல்லா ஏத்த எறக்கத்தோட சொன்னேன். நிஸ்ரீன் சுருக்கமா ஒரு வரி சொன்னா. அல்லாரும் "அய்யோ பாவம்"ங்கற மாதிரி என்னைப் பார்த்தாங்க. மறுநாள் விடியக்காலைல பார்த்தா, என்ற ரூம் வாசல்ல மூணு கட்டு வெறகும் ரெண்டு கம்பளியும் கெடக்குது. பாடம் எந்த அளவுக்கு மனசுல பதிஞ்சிருந்தா வெறகுக் கட்டாவே கொண்டாந்து காட்டுவாங்கன்னு பாருங்க. கம்பளி எதுக்குன்னுதான் வெளங்கல.

ரெண்டாம் படிக்கு வந்தேன். பாதிலயே உம் கஸ்ஸானுக்குப் போன் வந்துச்சு. பேசி வெச்சதும் என்னமோ சத்தமாச் சொன்னாங்க. அல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. ஒரே கூச்சல். ஒருத்தி அழுவறா, ஒருத்தி கை கொட்டறா. நான் ஒரு நிமிசம், என்ற ரெண்டாம் படிக்குத்தான் இந்த வரவேற்புன்னு நெனச்சுப்போட்டேன்.

நிஸ்ரீன்தான் வெளக்கினா. ஊருக்கும் அவங்க காட்டுக்கும் நடுவுல வேலி போட்டிருக்குது. வேலின்னா நம்மூரு கிளுவ வேலி மாதிரி நெனச்சுக்காதீங்க. ஆளுசரத்துக்கு ரெண்டு மடங்கு இரும்பு, மேல முள்ளுக் கம்பி, கேமரா. ஊடு இந்தப் பக்கம், மரம் அந்தப் பக்கம். நடுவுல ஒரு கேட்டு. சாவி ராணுவத்துக்கிட்ட. காய் பறிக்கற ஐப்பசில மட்டும் சில நாளைக்குத் தெறப்பாங்க. தெறந்தாலும் அல்லாரும் போக முடியாது, அவங்க அனுமதிச்சவங்கதான் போகோணும். இந்த வருசம் வயசான பொம்பளைக சில பேருக்குத்தான் குடுத்திருக்காங்க. உம் கஸ்ஸானுக்கு உண்டு. ஊட்டுக்காரருக்கு இல்ல, மகனுகளுக்கு இல்ல. ஒரு மலைச்சரிவு பூரா மரம், பறிக்கறதுக்கு ஒத்தைப் பொம்பளை. போன வருசம் முக்காவாசிக் காய் மரத்துலயே காஞ்சு கொட்டிப் போச்சாம்.

இப்ப, கேட்டைத் தெறக்கறோம்னு போன்ல சொன்ன அதே நாள்ல ஹென்ரிக்கோட மேலதிகாரிக வாறாங்க, என்ற பயிற்சியைப் பார்க்க. பொம்பளைக ஹால்ல இருந்தாக் காய் போச்சு. காட்டுக்குப் போனாத் திட்டம் போச்சு. திட்டம் போனா, அடுத்து வர வேண்டிய எண்ணெய் ஆட்டற மெசினும் போச்சு. அதான் அழுகை.

நான் ஆறுதலாச் சொன்னேன், கவலைப்படாதீங்க, அஞ்சாம் படில இதுக்கு வழி இருக்குதுன்னு.

உம் கஸ்ஸான் என்னையவே உத்துப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்பறம் நிஸ்ரீன் மூலமா ஒவ்வொண்ணாக் கேட்டாங்க.

"உம் தரணி, உங்க ஊர்ல மரம் உண்டா?"

"மரமில்லாம? தென்னை, வேம்பு, புளி எல்லாம் இருக்குது. சின்ன வயசுல நானே மரமேறிப் புளி உலுக்கியிருக்கேன்."

"உங்க குழுவை மொதல்ல எங்க கூட்டுனீங்க?"

"கட்டடமெல்லாம் அப்பறம் வந்ததுங்க. ஆரம்பத்துல வேப்ப மரத்தடிதான்."

"அப்ப மரத்தடில நல்லா நடக்கும்னு சொல்றீங்க?"

நடந்துச்சே, நடக்காமயா? "சரி"ன்னேன்.

அவ்வளவுதான், நிஸ்ரீன் போனைத் தூக்கிக்கிட்டு வராந்தாவுக்குப் போயிட்டா. ஹென்ரிக்கோட பேசறா. எனக்குக் கேட்டதெல்லாம் "மேடம் தெய்வா, மேடம் தெய்வா"ங்கறதுதான். நம்ம அருமை பெருமையைச் சொல்றா புள்ளைன்னு நான் காது குடுக்கல. தன்னைப் புகழறதைத் தானே கேக்கறது அழகில்லைங்களே.

மறுநாள் காலைல ஹென்ரிக் ஓடி வாறாரு. மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம், நான் பார்த்ததே இல்ல. என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "மேடம், நீங்க சொன்னதுதான் சரி! நாலு சொவத்துக்குள்ள யாருக்கும் எதுவும் வராது. மரத்தடிலதான் கத்துக்கோணும், கையால வேலை செஞ்சு கத்துக்கோணும். சர்வதேச நிபுணரோட முறை இதுதான்னு ராணுவ ஆபீசுக்கே சொல்லி, பயிற்சிக்கு வர்றவங்க அல்லாத்துக்கும் ஒரு நாள் அனுமதி வாங்கிட்டேன்"ங்கறாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. நான் எங்க அப்படிச் சொன்னேன்? ஆனா பெரிய மனுசன் தானா ஒரு முடிவு எடுத்துப்போட்டு, மரியாதைக்கு அதை நம்ம மேல சாத்தறாரு. மறுத்துப் பேசுனா நல்லாருக்குமா? "தேங்க்யூ"ன்னேன். உள்ளுக்குள்ள எனக்குக் கோவந்தான். காட்டுல சார்ட்டை எதுல மாட்டறது? யோசனை இல்லாத மனுசன்.

ஹால்ல பாடம் கேட்டவங்க பதினஞ்சு இருபது பேரு. காட்டுக்குப் போற அன்னிக்கு விடியக்காலம் பார்த்தா ஊர்ல இருக்கற வயசுப் பொம்பளைக அத்தனை பேரும், அறுபது பேரு, வந்து நிக்கறாங்க. உம் கஸ்ஸான் எல்லாப் பேரையும் மின்னாடியே குடுத்து வெச்சிருந்தாங்களாம். என்ற பயிற்சிக்கு அவ்வளவு கிராக்கி! ஹென்ரிக் தலையை எண்ணி எண்ணிப் பார்த்துப் பூரிச்சுப் போறாரு. பயிற்சி பெற்ற பெண்கள் எத்தனைங்கறதுதான் அவருக்கு மேலிடத்துல மார்க்கு.

ஆனா ஒவ்வொருத்தி கையிலயும் சாக்கு, கூடை, தார்ப்பாய். ஏணி வேற. ஒரு டிராக்டரு நெறைய ஏணி!

"பயிற்சிக்கு ஏணி எதுக்கு?"ன்னு நிஸ்ரீனைக் கேட்டேன்.

"ஏழு படின்னு சொன்னீங்களே மேடம், ஏறோணுமில்ல?"ன்னா. அந்தப் புள்ளைக்கு நம்ம பாடத்துல இருந்த ஈடுபாடே தனி.

கேட்டுல ராணுவக்காரங்க ஒவ்வொருத்தரையாப் பார்த்துப் பார்த்து உட்டாங்க. பெண்டுகளெல்லாம் தலையைக் குனிஞ்சு, நோட்டும் பேனாவும் கையில வெச்சுக்கிட்டு, பள்ளிக்கோடத்துப் புள்ளைக மாதிரி போனாங்க. இட்டேறி மாதிரி ஒரு தடம், ரெண்டு பக்கமும் முள்ளு. அதுல திரும்பி கேட்டு கண்ணுக்கு மறைஞ்சது தான் தாமசம், நோட்டெல்லாம் முந்தானைக்குள்ள போயிருச்சு, பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடறாங்க பாருங்க! நான் அப்படி ஒரு ஆர்வத்தை எந்தப் பயிற்சிலயும் பார்த்ததில்ல.

காட்டுல போய் நான் சார்ட்டைப் பிரிச்சு, எந்த மரத்துல மாட்டலாம்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டிருக்கறேன். உம் கஸ்ஸான் வந்து வாங்கினாங்க. ஒரு ஒதறு ஒதறி, மரத்தடில பட்டையா விரிச்சுப்போட்டாங்க. நாம நடுவீட்டுல ஜமக்காளம் விரிப்பமே, அந்த மாதிரி. அதுக்கு என்ன மரியாதை பாருங்க, மண்ணுல காய் உழுகாம "ஒற்றுமையே உயர்வு" மேலதான் உழுகோணும்னு அல்லாரும் அந்த மரத்துக்கே வந்தாங்க. பவானித் துணியாச்சே, ஒரு காய் உருண்டு வெளிய போகல.

நானும் சும்மா இருப்பனா? புளி உலுக்குன கையி. ஒரு கம்பை எடுத்து ரெண்டு போடு போட்டேன். உம் கஸ்ஸான் எங்கிருந்தோ கத்திக்கிட்டு ஓடி வந்து கம்பைப் புடுங்கிட்டாங்க. "ஒறம்பரையா வந்தவங்க நீங்க, வேலை செய்யக் கூடாது"ங்கறாங்கன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். ஆனா அதுக்கு மரத்தைத் தடவிக் குடுத்தது எதுக்கோ. அப்பறம் கெளையைக் கையால உருவி எப்படிக் காயை எறக்கறதுன்னு எனக்குச் செஞ்சு காட்டுனாங்க. மாட்டு மடில பால் பீச்சற மாதிரி, இழுத்தா வந்துரும், கெளை நோகாது. நான் உடனே அதைப் புடிச்சுக்கிட்டு மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுத்தேன். அவங்களும் "சரிங்க, சரிங்க"ன்னு தலையாட்டிக்கிட்டாங்க.

வெயில் ஏறினப்பறம் ஹென்ரிக்கோட மேலதிகாரிக வந்தாங்க. டை கட்டுன பெரியவர் ஒருத்தர், வெள்ளைப் பேண்ட்டுல ஒரு அம்மா. வந்ததும் பார்த்து நிக்கட்டும்னு நெனச்சா, உம் கஸ்ஸான் உட்டாத்தானே? டைக்காரரை ஏணில ஏத்திட்டாங்க, வெள்ளைப் பேண்ட்டு அம்மாகிட்டக் கூடையைக் குடுத்துட்டாங்க. "பங்கேற்பு முறை, பங்கேற்பு முறை"ன்னு ஹென்ரிக் அந்த அம்மாகிட்டச் சொல்லிக்கிட்டே தானும் பறிக்கறாரு. அந்த டைக்காரர் மரத்து மேல போனவர் எறங்க மாட்டேனுட்டாரு. அவங்க தாத்தாவுக்கு ஆப்பிள் தோப்பு இருந்துச்சாம். மேல இருந்து பாட்டே பாடறாரு மனுசன். மத்தியானம் ரொட்டியைப் பிச்சு, எண்ணெய்ல தோச்சு, மேல ஏதோ இலைப்பொடி தூவித் தின்னோம். நான் கொண்டு போன இட்லிப் பொடியையும் எடுத்து உட்டேன். நம்ம நல்லெண்ணெய் மாதிரி வராது, ஆனா பரவால்லைங்க.

சாப்பிட்டுப்போட்டுப் பார்த்தா உம் கஸ்ஸானைக் காணோம். தேடிக்கிட்டுப் போனேன். சரிவுக்குக் கீழ ஒரு மூலைல, முள்ளு மூடிக் கெடந்த நாலஞ்சு மரத்துக்கிட்ட உக்காந்திருந்தாங்க. வருசக்கணக்கா ஆரும் கிட்டப் போகல போல, அடிமரத்தைச் சுத்திப் பொதரு. போன வருசக் காய் கருகிக் கெளைலயே தொங்குது. அதை ஒவ்வொண்ணாக் கிள்ளிப் போட்டுக்கிட்டிருந்தாங்க. கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு. பின்னாடியே வந்த நிஸ்ரீன்கிட்ட ஏன்னு கேட்டேன். தூசின்னா.

தூசியில்லைங்க. அது எனக்குத் தெரியாதா? எங்க ஊட்டுக்கும் காட்டுக்கும் நடுவுல பைபாஸ் ரோடு வந்தப்ப நானும் ஒரு வாரம் சோறு திங்காமக் கெடந்தவதான். அதைச் சொல்லலாம்னு வாயைத் தெறந்தேன். ஆனா எங்களுக்குக் கேட்டு இல்லீங்களே. லாரிக்கு ஒதுங்கி நின்னுட்டு எந்த நேரமும் போய்க்கலாம். பக்கத்துல உக்காந்து நானும் கிள்ளிப் போட்டேன். உம் கஸ்ஸான் என்ற முதுகுல ஒரு தட்டுத் தட்டிப்போட்டு எந்திரிச்சாங்க.

பொழுது எறங்கறதுக்கு முந்தியே கேட்டுல இருந்து விசில் அடிச்சுட்டாங்க. சொன்ன நேரம் ஆகல. இருந்தாலும் மூடப் போறோம், அல்லாரும் வெளிய வாங்கன்னு. பொம்பளைக வந்துட்டாங்க. ஆனா மூட்டை ஏத்துன டிராக்டரு இன்னும் சரிவுல ஏற மாட்டாமத் தெணறிக்கிட்டு கெடக்குது. அத்தனை பேரு பறிச்ச காய் அதுல இருக்குது. கேட்டை மூடிட்டா அம்புட்டும் அந்தப் பக்கமே நின்னு அழுகிப் போகும்.

ஹென்ரிக் போய்ப் பேசிப் பார்த்தாரு. கேட்டுல நின்ன சிப்பாய்ப் பையன் மொகத்தையே திருப்பிக்கிட்டான். அப்பறம் என்ற சேலையையும் கால்ல இருந்த கேன்வாஸ் செருப்பையும் பார்த்துப்போட்டு, யாரிந்த அம்மா, என்ன பயிற்சின்னு இங்கிலீசுல கேட்டான்.

உம் கஸ்ஸான் நிஸ்ரீன் காதுல ஏதோ சொன்னாங்க. நிஸ்ரீன் என்ற காதுல சொன்னா, "மேடம், அவருக்கு உங்க ஏழு படியும் தெரியோணுமாம். முழுசாச் சொல்லுங்க. எதையும் உட்டுறாதீங்க."

அட சாமி, அத்தனை நாளா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன்! இந்த ஊர்ல பாதிப் பாடத்துக்கு மேல என்னை ஆரு பேச உட்டாங்க? மொதப் படில ஆரம்பிச்சேன். கேட்டு இரும்பு மேல கையை வெச்சுக்கிட்டு, நல்லா நெதானமா. குச்சிக் கதை சொன்னேன். மூணாம் படி சொல்றப்ப அவன் கேட்டை இழுக்கப் பார்த்தான், "இருடா கண்ணு, முக்கியமான எடம்"னு சட்டைக் கையைப் புடிச்சுக்கிட்டேன். வயசானவங்க பேசறப்பக் குறுக்க வர்றது உங்க ஊர்ல வழக்கமான்னு கேட்டேன். பாவம், நல்ல எடத்துப் புள்ளை, காதெல்லாம் செவந்துபோச்சு. துப்பாக்கியைத் தோள்ல மாத்தி மாட்டிக்கிட்டு நின்னுட்டான். இங்கிலீசு தீர்ந்துபோன எடத்துல தமிழ்லயே சொன்னேன். அதுக்கும் தலையாட்டினான். ஆறாம் படி "விட்டுக்கொடுத்தல்." அதுக்கு எங்க நாத்தனார் கதையை உதாரணம் சொல்றது வழக்கம், அது கொஞ்சம் நீளம்.

ஏழாம் படியை முடிக்கறேன், பின்னாடி டபடபன்னு சத்தம். டிராக்டரு மூட்டையோட எங்களைத் தாண்டி ஊருக்குள்ள போகுது. மூட்டை மேல அந்த டைக்காரர் உக்காந்துக்கிட்டு சிப்பாய்க்குச் சல்யூட் அடிக்கறாரு. அந்தப் பையன் டிராக்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பெரிய மூச்சா உட்டுப்போட்டுக் கேட்டை மூடிட்டான். நான் பயிற்சி குடுக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஏழு படியையும் நின்ன எடத்துல நின்னு முழுசாக் கேட்ட ஒரே ஆளு அவந்தானுங்க.

இந்தப் பக்கம் திரும்புனா, பொம்பளைக அல்லாரும் என்னைக் கட்டிக்கிட்டு நாக்கைச் சொழட்டிக் கொலவை போடறாங்க. கல்யாணத்துக்குப் போடறதாம் அது. ஒரு பயிற்சி முடிஞ்சதுக்கு இத்தனை கொண்டாட்டமான்னு எனக்கே வெக்கமாப் போச்சு. எண்ணெய் ஆட்டற மெசினுக்கு அந்த வெள்ளைப் பேண்ட்டு அம்மா அங்கயே சரின்னுட்டாங்க. பேண்ட்டு அப்ப வெள்ளையா இல்ல. ஆனா மெசின்ல கொடி ஒட்டாதீங்கன்னு உம் கஸ்ஸான் கேட்டுக்கிட்டாங்களாம், எண்ணெய் சூட்டுல உரிஞ்சு, அரைக்கற ஆலிவ் விழுதுல உழுகுமாம்.

என்ற ஆத்தாமை என்னன்னா, அந்த அறுபது பொம்பளைகளுக்கு ரெண்டாம் படிக்கு மேல சொல்ல முடியாமயே போச்சு. சார்ட்டையும் திருப்பித் தரல. தொவைச்சுத் தாறோம்னாங்க, அடுத்த காட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. அரைகுறையாக் கத்துக்கிட்டு அந்தப் பெண்டுக எப்படி முன்னேறப் போறாங்களோன்னு எனக்குத் தூக்கமே வாறதில்ல.

ஆனா பாருங்க, நல்ல விதை எங்க உழுந்தாலும் மொளைச்சுரும். போன வாரம் ஹென்ரிக் போன் பண்ணுனாரு. சுத்துப்பட்டு ஊர்ல இருந்தெல்லாம் என்ற பேரைச் சொல்லிக் கேக்கறாங்களாம், எங்க ஊருக்கும் அந்த இந்திய நிபுணர் வரோணும்னு. வேலிக்கு அந்தப் பக்கம் காடு வெச்சிருக்கற ஊருகதான் ரொம்ப ஆர்வமா இருக்குதாம். மாசி பங்குனில வரட்டுமான்னேன், வெயிலுக்கு முந்தி. வேண்டாம், ஐப்பசிதான் தோதுன்னுட்டாங்களாம். அதுவும் நான் மட்டும் பத்தாதாம், எங்க கூட்டமைப்புல இருந்து இன்னும் பத்துப் பேரைப் பயிற்சியாளரா கூட்டிக்கிட்டு வரோணுமாம். அவங்களுக்கு என்ன தகுதி வேணும், டிகிரி கிகிரி கேப்பீங்களான்னு கேட்டேன். உம் கஸ்ஸான் சொல்லி உட்டாங்களாம், படிப்பெல்லாம் முக்கியமில்ல, தோள்ல வலு இருக்கோணும், கொஞ்சம் வாய் இருந்தா நல்லது, மத்தபடி உம் தரணி பார்த்து எடுத்தாச் சரின்னு. அந்தப் பத்துப் பேருல இதுவரைக்கும் ஒம்பது பேரைத் தேத்திப்போட்டேன்.

ஆமா, உங்களுக்கு மரம் ஏறத் தெரியுமா அம்மணி?